பெரிய எழுத்தில் ஒரு வாடகை ஒப்பந்தம்

லாயாங் லாயாங் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். இன்று குளுவாங் நகரில் என் சாப்பாட்டுக் கடையைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். கணினியும் நானாகத் தட்டித் தட்டிப் பழகியதுதான்.

சென்ற ஆண்டு கடையின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கட்டட உரிமையாளரான சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், வழக்கறிஞர் அலுவலகம், மலாய் மொழியில் எழுதிய வரைவை மின்னஞ்சலில் அனுப்பியது. யார் எதை மாற்றினாலும் கோப்பே காட்டிக்கொடுக்கும்படி செய்திருந்தார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: மாலையில் கடைக்கு முன்னால் நடைபாதையில் மேசை போட உரிமை. நகராண்மைக் கழக அனுமதி என்னிடம் உண்டு, ஒப்பந்தத்தில்தான் இல்லை. என் வியாபாரத்தில் பாதி அந்த மேசைகளில் நடக்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்.

கூடவே, படிக்க வசதியாக எழுத்தையெல்லாம் பெரிதாக்கி, தடிமனாக்கி, முக்கியமான இடங்களுக்கு நீலம் கொடுத்து, வரிகளுக்கு நடுவே இடமும் விட்டேன். வழக்கறிஞர் அனுப்பியதைவிட என்னுடையது அழகாக இருந்தது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

மறுநாள் அந்த அலுவலகத்துக் கிளார்க் பெண் கூப்பிட்டாள்.

"அங்கிள், ஒரு வரி விடாம கை வச்சிருக்கீங்க. ஓரமெல்லாம் திருத்தக் குறிப்புதான். தவுக்கே பாத்துட்டு, இவ்வளவு சண்டை போடுற ஆளு வேணாம், கடையை, அதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற ஃபோன் கடைக்காரனுக்கே குடுத்துடலாம்னு சொல்றாரு."

நான் எழுத்தைப் பெரிதாக்கியதையும் நீலம் கொடுத்ததையும் கோப்பு திருத்தமாக எடுத்துக்கொண்டிருந்தது. மேசைக்கு ஆசைப்பட்டுக் கடையே போய்விடும் போலிருந்தது. சரிசெய்து அனுப்புகிறேன் என்று சொல்லி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளை வீடியோவில் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவள் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை. எல்லா மாற்றங்களையும் ஒரேயடியாக ஏற்றுக்கொள்ளும் பட்டனை அமுக்கப் போனேன்.

"அப்பா, இருங்க லா. அதை அமுக்கினா உங்க மேசை வரியும் மத்த எழுத்தோட கலந்துடும். பின்னால தெரிஞ்சா, திருட்டுத்தனமா நுழைச்சீங்கன்னு தவுக்கே நினைப்பாரு."

எந்தத் திருத்தங்களைக் காட்டுவது என்று கேட்கும் இடத்தில் எழுத்தின் அளவு, நிறம் போன்றவற்றுக்கான 'ஃபார்மேட்டிங்' ஒன்றுக்கு மட்டும் டிக்கை வைத்துவிட்டு மற்றவற்றை எடுக்கச் சொன்னாள். பிறகு, திரையில் தெரிகிற மாற்றங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொன்னாள். அப்படியே செய்துவிட்டு, எடுத்த டிக்குகளைத் திரும்பப் போட்டேன். ஓரம் சுத்தமாகியிருந்தது. முழுக் கோப்பிலும் என் வரி மட்டும் சிவப்பாக நின்றது. அப்படியே அனுப்பினேன்.

தவுக்கே கடைக்கே வந்துவிட்டார். இவ்வளவுதானா என்று மலாயில் கேட்டார். இவ்வளவுதான் என்றேன். பத்து மணிக்கு மேல் மேசை இருக்கக்கூடாது என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சம்மதித்தேன்.

கையெழுத்துப் போட்ட அன்று, தவுக்கே பையிலிருந்து கண்ணாடியை எடுக்காமலே ஒவ்வொரு பக்கத்தையும் படித்து முடித்தார். அந்தப் பெரிய எழுத்து யார் வேலை என்று அவருக்குச் சொல்லிவைத்தேன். மாலையில் மேசைகளை வெளியே போட்டோம்.