இந்தக் காற்றுக்கு யார் டூட்டி?

சித்தி வேலை பார்த்தது விசிறிக்கூடத்தில். நாங்கள் அப்போது மேலே இருந்தோம். விண்வெளியில் சுழலும் பெரிய சக்கரம். அதற்குள் தெருக்கள், தெருவின் இருபுறமும் பெட்டி பெட்டியாக அறைகள். ஒவ்வோர் அறைக்கும் குழாய் வழியாகத்தான் காற்று வரும். அதைத் தள்ளும் விசிறிகளுக்கு எண்ணெய் போட்டு, தூசு துடைத்து, சத்தம் பிசகினால் கழற்றி மாட்டுவது சித்தியும் சித்தப்பாவும்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டு முடித்தவர் உள்ளங்கையை நீட்டி, "வாங்கிக்கோ" என்பார். வருகிறவர் அதைத் தொட்டு, "வாங்கிட்டேன்" என்று சொன்னால்தான் முன்னவர் நகரலாம்.

மேலே பிறந்தவர்கள் சத்தத்தில்தான் தூங்குவோம். விசிறி நின்றால் கைக்குழந்தைகூட விழித்துக்கொள்ளும். விழித்ததும் தெருவைவிட்டு ஓட வேண்டும். ஒருமுறை எங்கள் தெரு விசிறி நின்றது. எல்லோரும் ஓடினோம். புருஷன் பின்னால் வருகிறார் என்ற நினைப்பில் சித்தியும் ஓடினாள். தெருக்கதவு தானாக அடைத்துக்கொண்டது. வருஷக்கணக்காக விசிறியோடு கிடந்து காது மந்தமான மனுஷன். தூக்கத்தில் இருந்தவருக்குச் சத்தம் நின்றதே தெரியவில்லை; அறையிலேயே மூச்சு நின்றுபோனது.

பிறகு எனக்குத் தரையில் வேலை கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பாசியும் மரமும் வளர்த்து, மனிதர்கள் மூச்சுவிடும்படி ஆக்கிய கோள் இது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவையும் சித்தியையும் கூண்டிலிருந்து விடுவிக்கிறேன் என்ற நினைப்போடு கூட்டிவந்தேன்.

வந்த அன்றே ஜன்னலருகே நின்று சித்தி கேட்டாள்: "இந்தக் காத்துக்கு யாருடி டூட்டி?"

"யாரும் இல்ல சித்தி. பாசி பாத்துக்கும்."

"பாசிக்கு ஷிப்டு உண்டா? அது தூங்கிட்டா?"

அம்மா சிரித்தாள். "ஊரே நிம்மதியா கெடக்கு. இவ ஒருத்திதான் காத்துக்குக் காவல்."

நானும் அம்மாவும் இரண்டொரு நாளில் பழகிக்கொண்டோம். சித்தி தூங்கவேயில்லை. நாங்கள் கண்ணயர்ந்தால் மூக்கடியில் அவள் விரல் இருக்கும். ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நடுத்தெருவில் போய் நின்றாள். தலைக்குமேல் வானம். அதற்கப்பால் ஓடுவதற்கு இடமில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

டாக்டர் சொன்னார்: "இப்படித் தூங்காம இருந்தா இதயம் தாங்காதும்மா. அடுத்த கப்பல்ல மேல அனுப்பிடுங்க. சத்தம் இருந்தா தூங்கிடுவாங்க."

சித்தி ஒன்றுதான் கேட்டாள். "அந்த ரூமுக்கா?"

ஒரு விசிறி வாங்கிவந்து சுவரில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டாள். "சும்மா சுத்துதுடி. யாருக்கும் காத்து அனுப்பல. பொம்மையக் காட்டி ஏமாத்துறியா, பட்டதாரி?"

நான் அலுவலகத்தில் காற்றை அளக்கிறேன். அவ்வளவுதான். குறைந்தால் என்ன செய்வதென்று என் படிப்பிலும் இருந்தது, ஆனால் அது நூற்றாண்டுக் கணக்கில் ஆகும் வேலை. அவள் கேட்டதோ இன்று மத்தியானத்துக்கு.

கப்பல் வர இரண்டு நாள் இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னேன்: "சித்தி, இந்தக் காத்துக்கு நான்தான் டூட்டி."

என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். நம்பினாளா, இல்லை நம்பாமல் இருக்கத்தான் தெம்பில்லையா, தெரியாது. உள்ளங்கையை நீட்டினாள்.

"வாங்கிக்கோ."

தொட்டேன். "வாங்கிட்டேன்."

சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெளியே இலைகூட அசையவில்லை. முதன்முறையாக அந்த நிசப்தம் எனக்குக் கேட்டது. கையை அவள் மூக்கடியில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

மறுநாள் அம்மா வந்தாள். "அவதான் கும்பகர்ணி மாதிரி தூங்குறாளே, கப்பலுக்கு வேணாம்னு சொல்லியாச்சு. நீ போய்ப் படுடி, கண்ணு செவந்து கெடக்கு."

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவிடம் உள்ளங்கையை நீட்டினேன்.

"என்னடி இது?" என்றாள் அம்மா. அவள் விசிறிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை.