சுரேகா ஒப்புக்கொள்ளாத தீர்மானம்

திருமழிசை தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி தயாரிக்கும் கம்பெனியில் சுரேகாவுக்குப் பேக்கிங் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்பதால்தான் மகள் படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அவளைத் தலைவியாக்கினார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்ற நம்பிக்கை. அதுவரை அப்படித்தான் போட்டும் வந்தாள்.

ஆவணி மாதம் அறிவியல் டீச்சர் சகாயமேரி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் பாடம் எடுத்தார். வயதுக்கு வருவது, கரு உண்டாவது, யாரும் எங்கே தொடக்கூடாது என்பதெல்லாம். மறுநாளே தெருவில் பேச்சுக் கிளம்பிவிட்டது. எல்லாரையும்விட அதிகம் கொதித்தவர் சுரேகாவின் கணவன் தினேஷின் அண்ணன் நாகேந்திரன். அவர் மகளும் சுரேகாவின் மகள் எழிலரசியும் ஒரே வகுப்பு.

சனிக்கிழமை கூட்டம் போட்டார்கள். வகுப்பறை நிரம்பி வழிந்தது. தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சகாயமேரி சுவரோரம் நின்றிருந்தார். அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

"கெடாத புள்ளைங்கள நீங்களே கெடுக்கிறீங்க டீச்சர்," என்ற நாகேந்திரன் தீர்மான நோட்டைச் சுரேகாவின் முன் நகர்த்தினார். "இந்தக் கிளாசு இனிமே கூடாதுன்னு எழுதிகீது. கையெழுத்தப் போடு."

பின்வரிசையிலிருந்து தினேஷும் கண்ணாலேயே 'போடு' என்றான். பேனாவை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள்.

"முடியாது மாமா."

"இன்னா முடியாது?"

"நான் எட்டாவதோட நின்னேன்ல. கணக்கு வரலன்னு எங்க ஊட்ல சொல்லிகினு இருந்தாங்க. எனக்குக் கணக்கு நல்லாத்தான் வந்துச்சு." நோட்டைத் தள்ளி வைத்தாள். "டியூசன் எடுத்தவரு தப்பா நடந்துகினாரு. அது இன்னான்னு எனக்குப் புரியல. சொன்னா என்னத்தான் அடிப்பாங்கன்னு பயம். போமாட்டேன்னு அழுதேன். பள்ளிக்கூடத்துலேந்தே நிறுத்திட்டாங்க."

இத்தனை வருடக் குடித்தனத்தில் தினேஷிடம்கூட அவள் சொன்னதில்லை. அவன் பக்கம் பார்க்க இப்போது துணிவு வரவில்லை.

"சபைல பேசுற பேச்சா இது?" நாகேந்திரன் எழுந்துவிட்டார்.

"குந்துங்கண்ணே. அவ பேசட்டும்," என்றாள் அதே வகுப்பில் படிக்கும் லிபினின் அம்மா. அவளும் அதுவரை வகுப்பு வேண்டாம் என்றவள்தான்.

நாகேந்திரன் உட்காரவில்லை. தன் மகளை அனுப்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வெளியேறினார். மற்றவர்கள் வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில், வகுப்பு நடக்கட்டும், விரும்பும் தாய்மார்கள் கூட இருக்கலாம் என்று முடிவானது.

வீடு திரும்பும் வழியில் தினேஷ் நெடுஞ்சாலை ஓரமாக வண்டியை நிறுத்தினான்.

"அந்த டியூசன்காரன் இப்போ எங்க கீறான்?"

"தெரியாது. தேடாத."

"எங்கண்ணனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"அத நீதான் யோசிக்கணும்."

பேருந்துகள் உரசுவது போலக் கடந்து போயின. அவன் வண்டியைக் கிளப்பாமலே இருந்தான்.

"எழிலு அந்தக் கிளாசுக்குப் போவட்டும்," என்றான். வண்டியைக் கிளப்பினான்.

அடுத்த வகுப்பன்று சுரேகா அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். நாலைந்து தாய்மார்கள் வந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாகேந்திரனின் மனைவி. முன்னால் அவள் மகள்.

"அவுருக்குத் தெரியாது," என்றாள் சுரேகாவின் காதோரம். "சொல்லிடாத."