ஊதாச் சொறி

காட்டு மேஸ்திரிக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் துடைப்பம். காட்டையும் கூடம்போலப் பெருக்கி வைத்தால்தான் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்கும்.

மேல்சரிவில் விழுந்து கிடந்த கட்டைகளைப் புரட்டினால் அடியில் ஊதா நிறத்தில் பூஞ்சைத் திட்டுகள் படர்ந்திருக்கும். ஆட்கள் விளையாட்டாக அதைச் சொறி என்பார்கள். மேஸ்திரி அதை வியாதியாகவே எடுத்துக்கொண்டார். ஒருவரையும் கேட்கவில்லை. நடவுக்கு முன், ஆட்கள் வராத ஒரு நாளில், மேல்சரிவுக் கட்டைகளை, திட்டில் மேய்ந்த குட்டிப் பூச்சிகளோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் கீழ்சரிவு தப்பியது.

நட்ட கன்றுகள் கீழே தளதளவென்று நின்றன, மேலே மஞ்சளித்துச் செத்தன. பழி நாற்றங்காலைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரியின் மச்சினி தலையில் விழுந்தது. நோஞ்சான் கன்றுகளை மேலே தள்ளிவிட்டாள் என்று அதிகாரி விசாரணை வைத்தார்.

வேர்களைச் சோதிக்க ஓர் ஆராய்ச்சிக்காரம்மா வந்தார். கீழ்சரிவுக் கன்றின் வேர் நுனிகளில் மெல்லிய ஊதா உறை இருந்தது. மேல்சரிவு வேர் மொட்டையாக இருந்தது.

"இது வியாதி இல்லைங்க. கட்டைக்கு அடியில சும்மா ஒண்டிக்கிட்டு இருக்கும், அதைத் தின்னாது. மரத்தோட வேர்தான் இதுக்குச் சோறு போடுது. பதிலுக்கு இது மண்ணுலேருந்து தண்ணியும் சத்தும் இழுத்துக் குடுக்குது" என்றார்.

மேலே யாராவது கட்டையை எரித்தார்களா என்றும் கேட்டார். மேஸ்திரிக்கு ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி, இத்தனை வருட நல்ல பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். கோழைத்தனம்தான், வேறென்ன?

விசாரணையிலும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார். எரித்ததற்குச் சாட்சி இல்லாததால் பழி மாறவில்லை, மச்சினிக்கு வேலை போனது. கடைசி நாளில் அவள் பூவாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு மனசு கேட்கவில்லை. கட்டையை எரித்தது தானே என்று திக்கித் திணறிச் சொன்னார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் மாமா. அன்னைக்கு சாம்பல் பூரா நாத்து மேலதான் வந்து விழுந்துச்சு. அக்கா முகத்துக்காக நான் வாயைத் திறக்கல. நீங்களா சொல்லுவீங்கன்னு கடைசி வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தேன்."