டிரசர் எழுதிய நெஞ்சு வலி

எங்கள் ஈப்போ கிளை அலுவலகத்தின் முன்கதவு முழுக்கக் கண்ணாடி. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலை, ஜனங்கள் தங்கள் கடிதங்களை அந்தக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்கள். நான் உள்ளே டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முந்தின வாரம், எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி சம்பாதித்த லாபத்தையும், கோலாலம்பூரில் இருக்கும் பெரிய மேனேஜரின் சம்பளத்தையும் ஒரு தமிழ்ப் பத்திரிகை பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தது. தோட்டத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று பாலிசி விற்ற கம்பெனி எங்களுடையது. படுத்த பிறகு பணம் கேட்டவர்களுக்குக் கையை விரித்ததும் அதே கம்பெனிதான். அந்தச் செய்தியைச் சாப்பாட்டுக் கடைகளில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்டார்கள். சுங்காயிலிருந்தும் பீடோரிலிருந்தும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. ஒரு பெரியவர் மட்டும் வாசற்படியில் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, "இதுக்கும் ஒரு பாலிசி இருக்கா லா?" என்று காவலாளியைக் கேட்டார்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த மறுப்புக் கடிதங்கள் எல்லாம் நான் அடித்தவை. படிக்கவே வேண்டாம், தூரத்திலிருந்தே தெரிந்தது. எனக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் மரம் வெட்டு வேலை செய்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். பெண் கேட்டு வந்தவர்களிடம், "தங்கச்சி மொதல்ல ஒரு வேலைக்குப் போவட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். நான் வேலைக்குப் போன பிறகு பெண் கேட்டு யாரும் வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. சம்பளத்தோடு ஒரு நாள் வேண்டுமென்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசரிடம் போய் நிற்க வேண்டும். டாக்டர் மாதத்துக்கு ஒரு தரம் காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஊசி, மருந்து, லீவுச் சீட்டு எல்லாம் டிரசர் கையில்தான். காய்ச்சல் என்று சொன்னால் வாயில் கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்துவிடுவார். வயிற்று வலி என்றால் பேதி மருந்தைத் தன் எதிரிலேயே குடிக்கச் சொல்வார். அதைக் குடிப்பதற்கு வேலைக்கே போய்விடலாம். நெஞ்சு வலியை மட்டும் அவரால் அளந்து பார்க்க முடியாது. அதனால் தோட்டமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நிற்கும். தீமிதிக்கு முந்தின நாள் பார்த்தால், மாடு மாதிரி உழைக்கிற ஆண்கள் வரிசையாக நெஞ்சு வலி என்பார்கள். டிரசருக்குத் தெரியாதா என்ன? நல்ல மனுஷன். ஒன்றும் கேட்காமல் பெரிய புத்தகத்தில் பெயரையும் தேதியையும் போட்டு, 'நெஞ்சு வலி, ஒரு நாள் ஓய்வு' என்று எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்.

அக்கா அப்படி மூன்று தரம் போய் நின்றிருக்கிறாள். என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு தரம். ஈப்போவில் என் டைப்பிங் பரீட்சைக்குத் துணை வர ஒரு தரம். மூன்றாவது தரம், எழுபதுகளின் நடுவில், இதே இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்கு நேர்காணல். நான் உள்ளே இருந்த நேரமெல்லாம் எதிர்க் காப்பிக்கடையில் ஒரே ஒரு கிளாஸ் காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை கிடைத்தது என்று சொன்னதும் இன்னொரு காப்பி வாங்கினாள்.

சில வருஷத்தில் தோட்டத்தை விற்கப்போவதாகப் பேச்சு வந்தது. தோட்டம் போனால் ஆஸ்பத்திரியும் போகும். ஒரு பாலிசி எடுத்துக்கொள் என்று அக்காவைப் பிடித்து நச்சரித்தது நான்தான். கம்பெனியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய காலம் அது. படிவத்தையும் நானே நிரப்பினேன். 'நெஞ்சு வலிக்காக எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா?' என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன். அக்காவைக் கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால் அவளும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அது நோய் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அவளும் மாதம் தவறாமல் கட்டினாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு மரம் வெட்டினால் உட்கார்ந்துவிடுவாள். இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள், சீக்கிரம் செய்ய வேண்டும் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். கோலாலம்பூர் அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் உடனே செய்யலாம். அதற்குத்தானே பாலிசி என்று அக்காவிடம் தைரியமாகச் சொன்னேன்.

மனு போன ஆறாவது வாரம், அன்றைக்கு அடிக்க வேண்டிய கடிதங்களின் கட்டு என் மேசைக்கு வந்தது. மூன்றாவது தாளில் அக்கா பெயர். கூடவே தோட்டத்து டிரசர் புத்தகத்திலிருந்து எடுத்த குறிப்பு. நெஞ்சு வலி, நெஞ்சு வலி, நெஞ்சு வலி. மூன்று தேதி. மூன்றும் எனக்கு மனப்பாடம். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறார், ஆகவே பணம் கிடையாது என்று கையால் எழுதியிருந்தார் எங்கள் கிளை மேனேஜர்.

தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். இது என் அக்கா, அந்த வலி பொய், லீவுக்காகச் சொன்னது, தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"எல்லாரும் சொல்வாங்கன்னு எனக்கும் தெரியும்மா. அதனாலதான் தோட்டத்து கேஸ்னா மொதல்ல அந்தப் புத்தகத்த வரவழைக்கிறோம்" என்றார். பிறகு அக்காவின் படிவத்தைத் திருப்பி வைத்தார். "இது யாரு எழுத்து? ஒங்களுதுதானே? வலி நெசம்னா நீங்க மறைச்சிருக்கீங்க. பொய்னா ஒங்க அக்கா தோட்டத்த ஏமாத்துனவங்க. எத நான் மேல எழுதி அனுப்பட்டும்? எத எழுதினாலும் பணம் வராது. ஒங்க வேலதான் போகும்."

அந்த நேரத்தில் நான் நினைத்தது அக்காவை அல்ல. வேலை போனால் என்ன செய்வது என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போது இன்றைக்கும் கூசுகிறது. மேசைக்கு வந்து, தாளைச் செருகி, அடித்தேன்.

அதற்கடுத்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருந்த என் வாடகை அறைக்கு வந்தாள். மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. "படிச்சிச் சொல்லு பாப்பா" என்றாள். படித்துச் சொன்னேன்.

"அந்த நெஞ்சு வலியா?" என்று சிரித்தாள். சிரிப்பிலேயே மூச்சு இளைத்தது. "டிரசரு பாவம், நல்லதுன்னு நெனச்சுதான் எழுதுனாரு. அன்னைக்கி நாம போகாம இருந்திருந்தா ஒனக்கு இந்த வேல கெடச்சிருக்குமா? போவுது விடு லா."

கடிதத்தின் அடியில், இடது ஓரத்தில், அதை அடித்தவரின் ஆங்கில முதலெழுத்துகள் சின்னதாக இருக்கும். எங்கள் ஆபீஸ் வழக்கம். எனக்கு இரண்டு எழுத்து. பள்ளிக்கூடத்தில் சோற்று டப்பா மாறிவிடக் கூடாதென்று, என் மூடியில் அந்த இரண்டு எழுத்தையும் ஆணியால் கீறிக் கொடுத்தவள் அக்கா. அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமே அவ்வளவுதான். அதன் மேல் விரலை வைத்தாள்.

"இது நீயா?"

"ஆமாக்கா."

தாளை வெளிச்சத்தில் பிடித்து, அழித்து அடித்த இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். "சுத்தமா அடிச்சிருக்க. ஒரு தப்புகூட இல்ல" என்றாள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டாள்.

கோலாலம்பூர் வரிசையில் அவள் முறை வருவதற்கு முன்பே போய்விட்டாள். அந்த வருஷக் கடைசியில் கம்பெனி எங்களுக்கெல்லாம் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தது. தலைநகரிலிருந்து வந்த பெரிய மேனேஜர், லாபத்துக்கு நம் எல்லோருடைய உழைப்பும்தான் காரணம் என்று பேசினார். எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். பத்திரிகையில் செய்தி வந்தது அதற்குப் பிறகுதான்.

அன்று காலை கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களில் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஒரு பெண்மணியும் இருந்தார். அக்காவோடு ஒரே நிரையில் மரம் வெட்டியவர். அக்கா போன அன்றைக்கு அவளைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டவரும் அவர்தான். கண்ணாடி வழியாக என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, சந்தோஷம்தான் வந்தது, தன் ஆள் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று. கதவை விரலால் தட்டினார்.

"தங்கச்சி, ஒங்க அக்காவுக்கும் இப்பிடித்தானே செஞ்சானுங்க? நீயும் வெளிய வா லா. வந்து எங்ககூட நில்லு."

நான் எழுந்தேன். எழுந்தது உண்மை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவர் கையில் அவருடைய புருஷனுக்கு வந்த கடிதம் இருந்தது. அதன் அடியிலும் அதே இரண்டு எழுத்து. அவருக்கு அது தெரியாது.

திரும்ப உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் அவர்கள் கலைந்து, பஸ் பிடித்து ஊர் திரும்பினார்கள். காவலாளி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடியைத் துடைத்தார். சாயங்காலம் அடிக்க வேண்டிய கட்டு வந்தது. அன்றைக்கு ஒன்பது கடிதம். ஒரு தப்புகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.