நகத்தில் நிற்காத பால்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு நான் அந்தப் பால்மாவு டப்பாவைத் திறந்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. பேறுகால விடுப்பு முடிந்து மகள் நாமக்கல்லுக்கு வேலைக்குக் கிளம்பிய முதல் நாள். மனைவி ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்ததால் நான்கு மாதப் பேத்தி என் பொறுப்பு.

“முப்பது மில்லித் தண்ணிக்கு ஒரு கரண்டிங்கப்பா. குமிச்சுப் போட்றாதீங்க,” என்று வாசலிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வெந்நீரில் மாவு கரைந்ததும் ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், முப்பது வருடம் பின்னால் போய்விட்டேன். அப்போது மோகனூர்ப் பக்கம் ஒரு சொசைட்டியில் பால் பரிசோதிக்கும் வேலை எனக்கு. நுரையும் ஈரச் சிமெண்டும் மணக்கும் அறை. பாலில் தண்ணீர் கலப்பைக் காட்டும் லாக்டோமீட்டரை விடுமுன்பே கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். உருண்டு நின்றால் பால், வழிந்தால் தண்ணீர். அதில் எனக்கு அவ்வளவு கர்வம். பாப்பாயி என்றொரு அம்மாள் அடிக்கடி மாட்டிக்கொள்வார்.

“ஏனுங்க சாரு, எம்மாடு தண்ணி குடிக்கக் கூடாதுங்களா?”

வரிசையே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே பாலை வாங்காமல் போசியோடு திருப்பிக் கொடுப்பேன். இப்போது அங்கே ஓர் இயந்திரம் இருக்கிறது. அதனுடன் யாரும் வாயாடுவதில்லை.

பழக்கதோஷம், பேத்தியின் பாலையும் நகத்தில் விட்டேன். நிற்காமல் ஓடியது. நூற்றிருபது மில்லிக்கு நான்கு கரண்டி, அளவு சரிதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இன்னும் இரண்டு கரண்டி போட்டேன், நின்றது. அடுத்த இரண்டு வேளையும் அப்படியே. குழந்தைக்குக் கெட்டிப் பால் கொடுக்கிறோம் என்று சந்தோஷம் வேறு.

வெளியே பங்குனி வெயில். நாலு மணிக்குமேல் அழுகை நிற்கவில்லை. உதடு காய்ந்திருந்தது. மத்தியானம் மாற்றிய துணி நனையவே இல்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எத்தனை கரண்டி என்று டாக்டரம்மா கேட்டார். ஆறு என்றேன்.

“மாவு கூடிப்போயி, தண்ணி பத்தாம ஒடம்பு வறண்டிருக்குதுங்க. தாகம்னு அது எப்படிச் சொல்லும்?”

மருந்து நீர் ஏற்றினார்கள். சிறுநீர் போனால்தான் பயமில்லை என்றார். நான் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஆறரைக்கு மகள் வந்தாள். தோள்பையை இறக்கக்கூட இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன், நகத்தில் விட்டுப் பார்த்ததையும் மறைக்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் குழந்தைக்கு அடியில் கையை விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

“ஈரமா இருக்குதுங்கப்பா,” என்றாள்.