போட்டோ பாஸைத் தொலைத்த புதன்கிழமை

அன்றைக்குப் பிற்பகல் நாலரை மணி இருக்கும். வங்கியின் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன். "ஆண்டவரே, யாருக்கும் தெரியக் கூடாது. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

நான் ஜெனிஷா. நம் சபைக்கு என்னைத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாராவியில் வீடு, மாட்டுங்காவில் காலேஜ், பி.காம் கடைசி வருடம் தொடங்கப் போகிறது. எனக்குத் தமிழ் பேச வரும். எழுதினால் யாருக்கும் விளங்காது. அதனால் நான் சொல்லச் சொல்ல அம்மாதான் இந்தச் சாட்சியை எழுதுகிறாள்.

இந்த மே மாதம் மாட்டுங்காவில் ஒரு வங்கிக் கிளையில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அப்பா தோல் பை தைக்கிற பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "எம்மவ பேங்க்ல இருக்கா" என்பார். உண்மையில் நான் செய்தது ஃபாரம் நிரப்பிக் கொடுப்பதும், ஜெராக்ஸ் எடுப்பதும், க்யூவைப் பார்ப்பதும்தான். அந்தக் கிளையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. தமிழ்க்காரர் யார் வந்தாலும் என் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் நாளே மேனேஜர் காம்ளே மேடம் ஒரு விதியைச் சொன்னார். ஒரிஜினலைக் கண்ணால் பார், நகலில் முத்திரை குத்து, ஒரிஜினலை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடு. ஒரு நிமிடம்கூட அது உன்னிடம் இருக்கக் கூடாது. நானும் தலையை ஆட்டினேன்.

மூன்றாம் வாரம், புதன்கிழமை. இசக்கியம்மாள் என்று ஓர் அக்கா வந்தார். தாராவிதான், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு வீட்டில் சமையல் வேலை. கணவர் இறந்துவிட்டதால் கணக்கில் விவரங்களை மாற்ற வேண்டும். முகவரிக்குச் சான்றாக, குடிசைகளைக் கணக்கெடுத்த காலத்தில் கொடுத்த போட்டோ பாஸைக் கொண்டுவந்திருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கும் படம் ஒட்டிய பழைய அட்டை. தாராவிக்காரர்களுக்கு அது என்னவென்று நான் சொல்ல வேண்டாம். குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டுவதற்காக இப்போது வீடு வீடாக சர்வே நடக்கிறது. அந்த அட்டை இருந்தால்தான் நாளைக்கு மாற்று வீடு.

ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கிக் கிடந்தது. அக்காவுக்கோ நேரமாகிறது. வாசலுக்கும் மேசைக்குமாகத் தவித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"எக்கா, நீங்க வேலைக்குப் போங்க. நான் ஜெராக்ஸ் எடுத்து வைக்கேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுங்க."

"ஏ பிள்ள, இது போச்சுன்னா என் வீடே போச்சு, பாத்துக்க."

"நானும் தாராவிதான்க்கா. எங்கிட்ட இருந்தா உங்ககிட்ட இருந்த மாதிரி."

நம்மவர் என்றால் விதியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று நமக்குள் ஒரு நினைப்பு உண்டு அல்லவா? என் தப்பு அதுதான். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. தமிழில் பேசினேன் என்பதற்காக அந்த அக்கா என்னை நம்பிப் போய்விட்டார். அட்டையை மேசைப் பக்கத்தில் இருந்த நீல டிரேயில் வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், டிரே காலி.

மேசையின் அடியில் தேடினேன். மெஷினைத் திறந்து பார்த்தேன். குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். என் பையை மூன்று தடவை கொட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வேனே! சர்டிபிகேட் போகும், காலேஜில் மார்க் போகும், அப்பா பட்டறையில் தலைகுனிவார். இரண்டு மணி நேரம் இப்படியே ஓடியது. ஐந்து மணிக்கு அக்கா வந்துவிடுவார்.

அப்போதுதான் கழிவறைக்கு ஓடினேன். அங்கே எனக்கு ஒரு யோசனை வந்தது. "அப்பவே உங்க கையில குடுத்துட்டேனேக்கா" என்று சொல்லிவிட்டால்? அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத சமையல்காரி சொல்வதை யார் நம்புவார்கள்? என்னைத்தான் நம்புவார்கள். (இந்த இடத்தில் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எழுதும்மா, நடந்ததுதானே.) அந்தப் பொய்யைக் கண்ணாடி முன்னால் சொல்லியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அட்டை தொலைந்ததைவிட அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. நான் இப்படிப்பட்டவளா?

மறுபடி ஜெபிக்க வாயைத் திறந்தேன். யாருக்கும் தெரியக் கூடாது என்ற வார்த்தை வரவே இல்லை. "அப்பா, நான் பொய் சொல்லிடுவேன்போல இருக்கு. என்னைப் பிடிச்சுக்கோங்க" என்றுதான் வந்தது. ஒரு குரலும் கேட்கவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் கை தானாகத் தாழ்ப்பாளைத் திறந்தது. நேராக மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"ஒரிஜினல்? கஸ்டமர் கா ஒரிஜினல்?" மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எங்கே வைத்தாய் என்று கேட்டார். நீல டிரே என்றேன். அவர் முகம் மாறியது. ரெக்கார்டு அறையைச் சுத்தம் செய்வதால், கழித்துவிடும் காகிதங்களைப் போட அன்று காலையில் வைத்த டிரே அது. மேடம் எல்லாரிடமும் அதைச் சொன்னபோது நான் வாசலில் க்யூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்ததெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. மூட்டைகளை அரைத்துத் தூளாக்குகிற வண்டி வாசலில் வந்து நிற்கிறது!

மேடம் செருப்புச் சத்தம் கேட்க ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். "ருக்கோ, ருக்கோ!" என்று வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பாதி மூட்டைகளை ஏற்றிவிட்டார்கள். நல்லவேளை, எதுவும் அரைபடவில்லை. எல்லாவற்றையும் இறக்கி உள்ளே கொண்டுவந்து தரையில் கொட்டினோம். முழங்கால் உயரத்துக்குக் காகிதம்.

அந்த நேரம் பார்த்து இசக்கியம்மாள் அக்கா வந்து நிற்கிறார்.

ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தேன். "எக்கா, உங்க பாஸை நான் தொலைச்சிட்டேன். இதுக்குள்ளதான் கிடக்கணும். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

கன்னத்தில் அறை விழும் என்று நினைத்தேன். அக்கா அந்தக் குவியலைப் பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அழுதது போதும், தேடுட்டி."

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதேக்கா..."

"எழுத்து தெரியாட்டா என்ன? அவிய மொகம் எனக்குத் தெரியாதா?"

நாங்கள் தேடினோம். நான் ஜெபித்துக்கொண்டே தேடினேன். உதடு அசைவதை அக்கா கவனித்துவிட்டார். "நீ ஒங்க ஏசுகிட்ட கேளு. நான் எங்க அம்மைகிட்ட கேக்கேன்" என்றார். இதைச் சபையில் சொல்லலாமா என்று அம்மா தயங்கினாள். நடந்ததைச் சொல்வதற்குத்தானே சாட்சி.

ஒவ்வொரு காகிதத்தையும் நான் வாசித்து வாசித்து வைத்தேன். அக்கா வாசிக்கவில்லை, கையால் தள்ளிக்கொண்டே போனார். நான் கால் பங்கு முடிப்பதற்குள் அவர் கை நின்றது. முந்தானையால் அட்டையைத் துடைத்தார். "இந்தா இருக்காவ" என்றார். மேடமும் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அக்காவின் மடியில் முகம் புதைத்து அழுதேன்.

மறுநாளிலிருந்து மேடம் என்னை மேசையில் உட்கார விடவில்லை. மீதி நாளெல்லாம் ஃபைல் அடுக்கினேன். நியாயம்தான். ஆறு வாரமும் முடித்தேன். அப்பாவிடம் அன்று இரவே சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை, கொஞ்ச நேரம் என் தலையில் கை வைத்திருந்தார். இப்போதெல்லாம் தப்பு செய்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது, ஆனால் ஒளிய ஓடுவதில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது எதையாவது மறைத்துவைத்துக்கொண்டு பயந்து கிடந்தால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், பிறகு சொல்ல வேண்டிய மனுஷரிடம் போய்ச் சொல்லுங்கள். இன்னும் கால்மணி நேரம் நான் வாயை மூடியிருந்தால் அந்த வண்டி போயிருக்கும். யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் நான் முதலில் கேட்டேன். என் தேவன் அதை எனக்குத் தரவில்லை. அதற்காகத்தான் இன்று அவருக்கு நன்றி சொல்ல நிற்கிறேன்.