பிளாஸ்டிக் பிஸ்டலும் என் தம்பியும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நைலான் பாகங்கள் வார்க்கும் கம்பெனி ஒன்றில் தரச்சோதனை பார்ப்பது என் வேலை. என் தம்பி ஆவடியில் லேத் ஓட்டுகிறான். நான் பிளாஸ்டிக் கட்சி, அவன் இரும்புக் கட்சி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவன் வந்தால் தண்ணீர்க் குடத்தில் ஆரம்பித்து வண்டி பம்பர் வரைக்கும் சண்டை போடுவோம். ஒரு ஞாயிறு, குழம்பை ஊற்றிக்கொண்டே நான் வாயைக் கொடுத்தேன்.

"இப்பல்லாம் பிஸ்டலோட உடம்பே பிளாஸ்டிக்லதான் வருது, தெரிஞ்சுக்கோ."

"இன்னாக்கா, கலாய்க்கிறியா? ஒரு தபா சுட்டா உருகி கையிலயே ஒட்டிக்கும்!"

"உருகாது. பந்தயமா?"

அவனுடைய லேத் முதலாளி, வேப்பம்பட்டுப் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். அவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிவிட்டான். மறு ஞாயிறு காலை, நாற்பது தாண்டிய அக்காவும் தம்பியும் ஆதார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றோம்.

பயிற்சியாளர் ஒரு சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பாள். மேசையில் இரண்டு பிஸ்டல்களை வைத்தாள். ஒன்று முழு இரும்பு. இன்னொன்றின் அடிப்பாகமும் பிடியும் பிளாஸ்டிக்.

"ரெண்டுக்கும் ஒரே தோட்டாதான். எது அதிகமா உதைக்குதுன்னு நீங்களே சொல்லுங்க."

தம்பி இரும்பை எடுத்தான். அந்தக் கனமே அவனைக் கம்பீரமாக்கிவிட்டது. ஐந்து குண்டும் எதிரே தொங்கிய குறி அட்டையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் விழுந்தன. காதுமூடிக்குள் எனக்குக் கேட்காது என்று தெரிந்தும், "பாத்தியாக்கா!" என்று வாயசைத்தான்.

அடுத்தது பிளாஸ்டிக். பொம்மையை எடுப்பது போல அலட்சியமாகப் பிடித்தான். முதல் வெடியிலேயே பிஸ்டலின் மூக்கு மேலே எகிறியது. "யம்மாடி!" என்று அவன் போட்ட சத்தம் காதுமூடியையும் தாண்டி வந்தது. புதிதாக மாட்டிய எங்கள் அட்டையில் ஓட்டையே இல்லை. பக்கத்துத் தடத்து அட்டையில், நட்ட நடுவில் ஒன்று இருந்தது.

எனக்கு வந்த சிரிப்பில் நிற்க முடியவில்லை. சிரித்து முடிக்கும் வரை துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு இன்னும் சிரித்தேன்.

ஒருவழியாக என் முறை வந்தது. "கனம் கம்மியா இருக்கறதால துள்ளும். பிடியை உசரப் பிடிங்க, மணிக்கட்டை இறுக்கிக்கோங்க" என்றாள். அப்படியே செய்தேன். துள்ளல் உள்ளங்கைக்குள்ளேயே அடங்கியது. மூன்று குண்டும் அட்டையில்! நாலாவதில் வெளியே தெறித்த சூடான வெற்றுக் கூடு என் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கிவிட்டது.

"கை முன்னாடியே இருக்கட்டும்! திரும்பாதீங்க!" என்று அவள் கத்தினாள். இரண்டு கையும் குறியை விட்டு அசையாமல், இடுப்புக்குக் கீழே மட்டும் நான் ஆடிய ஆட்டத்தை எந்த மேடையிலும் யாரும் ஆடியிருக்க மாட்டார்கள். அவள் பிஸ்டலை வாங்கிக்கொண்ட பிறகுதான் கூடு வெளியே விழுந்தது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில், எது ரொம்ப நாள் உழைக்கும் என்று கேட்டோம். இரும்புப் பிஸ்டலின் பிடியோரம் துரு ஏறியிருந்த இடத்தை அவள் காட்டினாள். "நம்ம ஊரு வேர்வைக்கு வாரா வாரம் எண்ணெய் போட்டாவணும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலை இல்ல."

நான் இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்குள், பிளாஸ்டிக் பிஸ்டலைக் கழற்றிக் காட்டினாள். மேல்பாகம் வழுக்கி ஓடும் இடத்தில், பிளாஸ்டிக்குக்குள் பதித்த எஃகுத் துண்டுகள் பளபளத்தன.

"உள்ள இரும்பு கீதுக்கா!" என்று தம்பி குதித்தான்.

"அதைப் புடிச்சிகினு கீறது எங்க பிளாஸ்டிக்குடா!"

ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதும் அதே சண்டைதான். காது இன்னும் அடைத்திருந்ததால் இருவரும் கத்திக்கொண்டிருந்தோம். "சும்மா சுட்டுத் தள்ளினேன் பாரு!" என்று அவன் கூவியதும், எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் மெல்ல எழுந்து தள்ளிப் போனார். எங்களுக்கு மறுபடியும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. ஆவடி ரயில் வந்து, நின்று, எங்களை ஏற்றாமலே போனது.